டீசல் எங்கே மறிபடுகிறது?

காலபோக உழவு நெருங்கிவிட்டது. அதனாலோ என்னவோ இந்த முறை வந்த கடிதங்களில் ட்ராக்டர்க் கடிதங்களே கூட. பெரும்பாலும் ஒரே வியாதி. முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், மற்றவர்களும் அதையே வாசித்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஐயா, என்னிடம் முன்வாளி பூட்டிய மசி பேர்குசன் 135 இருக்கிறது. தோட்டங்களுக்குச் செம்மண், எரு, வீட்டு வேலைகளுக்குக் கல், மணல் எல்லாம் இதாலேயே அள்ளி ஏற்றிக் கொடுக்கிறேன். காலையில் ஒரு அடியில் பிடிக்கும். சும்மா நிற்கும்போது ஒரு குறையும் இல்லை. வாளியைக் குவியலுக்குள் தள்ளித் தூக்கத் தொடங்கினால் அரை மணித்தியாலத்துக்குள் சத்தம் இறங்கி, ஏறி, இறங்கி, நின்றுவிடுகிறது. கையால் பம்ப் அடித்து, டீசல் குழாய்களுக்குள் நிற்கும் காற்றை வெளியே எடுத்தால் உடனே ஓடும். பிறகும் அதே கதை. பில்டர் புதிது. மழைத்தண்ணீர் இறங்கக்கூடாது என்று டீசல் மூடிக்குப் பொலித்தீன் சுற்றித்தான் வைத்திருக்கிறேன். பெரிய பம்பைக் கழற்றிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு கராஜில் சொல்கிறார்கள். கழற்றவா?
— வாசகர், புத்தூர்

பதில்: கழற்ற வேண்டாம் தம்பி. இதைக் கடைசிவரை வாசிக்கும் மட்டுமாவது கழற்ற வேண்டாம்.

உங்கள் மெசினில் இருப்பது பேர்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சின். பெரிய பம்ப் என்று நீங்கள் சொல்வது சி.ஏ.வி. கம்பனியின் டீ.பி.ஏ. பம்ப். உள்ளே சுழலும் ஒரு தண்டுதான் மூன்று சிலிண்டருக்கும் முறை வைத்து டீசலைப் பிரித்து அனுப்புகிறது. அந்தத் தண்டுக்கும் அதைச் சுற்றியுள்ள கூட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி தலைமயிரை விடப் பல மடங்கு சிறியது. அங்கே தேய்மானம் வந்தால் சூட்டில்தான் காட்டும்: சூடான டீசல் மெலிந்து அந்த இடைவெளியால் ஒழுகிப்போகும். ஓடிச் சூடாகி நின்ற மெசின் எவ்வளவு சுற்றினாலும் பிடிக்காது, ஆறினால் பிடிக்கும். உங்களுக்கு அப்படி இல்லை. சூட்டோடு சூடாகக் கைப்பம்ப் அடித்த உடனேயே ஓடுகிறது. அப்படியென்றால் பெரிய பம்ப் வேலை செய்யத் தயாராகத்தான் நிற்கிறது, அதற்கு டீசல் வந்து சேரவில்லை.

நான் தொழில் பழகியது காங்கேசன்துறை சீமெந்து ஆலையில். அங்கே கல்லுக்கிடங்கில் ஒரு மெசின் நின்றால் போர்மன் முதலில் கேட்பது, "புகை என்ன நிறம்?" என்றுதான். இன்றைக்கு வருகிற பிள்ளைகள் எடுத்தவுடனே ஸ்பனரைக் கையில் எடுக்கிறார்கள். வாளி குவியலுக்குள் இறுகும்போது புகைக்குழாயைப் பாருங்கள். கரும்புகை கக்கிக்கொண்டு எஞ்சின் அமுங்கினால் டீசல் தாராளமாக வருகிறது, காற்றுத்தான் போதவில்லை, அல்லது பாரம் கூடிவிட்டது. செம்மண் தூசியில் வேலை செய்கிற மெசினில் காற்று பில்டரின் ஒயில் கிண்ணம் சேறாகிக் கிடப்பது புதினமில்லை. அப்போது டீசல் பக்கம் போகவே தேவையில்லை. புகை ஒன்றும் இல்லாமல், அல்லது நிற்கும் தறுவாயில் இலேசாக வெள்ளையாகப் பொங்கி, சத்தம் மட்டும் சோர்ந்துபோனால் அது டீசல் பட்டினி. சத்தம் ஏறி இறங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்த்தால் பட்டினிதான் என்று தெரிகிறது. ஆனாலும் புகையை ஒருக்கால் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள்.

சும்மா நிற்கும்போது ஏன் தெரியவில்லை? அந்த நேரம் எஞ்சினுக்கு மணிக்கு ஒரு லீற்றர் அளவு டீசல் இருந்தால் போதும். வாளியைத் தள்ளித் தூக்கும்போது அது பல மடங்காகிறது. பாதி அடைபட்ட குழாய் முதலாவதற்குக் காணும், இரண்டாவதற்குக் காணாது. பில்டர் கூட்டுக்குள்ளும் குழாய்களுக்குள்ளும் நிறைந்திருக்கும் டீசல் கொஞ்ச நேரம் கைகொடுக்கும். அது வற்றியதும் நிற்கும். அதனால் கராஜ் வாசலில் வைத்து முறுக்கிப் பார்ப்பது சோதனை ஆகாது. குவியலில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன் வாளியை நிலத்தில் இறக்கி வையுங்கள். எஞ்சின் நின்றபோது வாளி மேலே இருந்தால், லீவரைத் தட்டினால் தன் பாரத்திலேயே இறங்கும். வாளியின் தூக்கிய இரும்புக் கைகளுக்குக் கீழே தலையைக் கொடுத்து எந்த நட்டையும் கழற்ற வேண்டாம். வாளியைத் தூக்கிப் பிடிக்கும் ஹைட்ரோலிக் சிலிண்டர்களின் பழைய சீல்களை நான் நம்புவதில்லை, நீங்களும் நம்பாதீர்கள்.

காசில்லாத சோதனை இரண்டை முதலில் முடிப்போம். எஞ்சினை நிற்பாட்ட இழுக்கும் கம்பியைப் பாருங்கள். அது துருவேறி இறுகினால், பிடியை உள்ளே தள்ளினாலும் பம்பிலுள்ள நெம்பு முழுதாகத் திரும்பி வராது. பாதி பூட்டின நிலையில் மெசின் ஓடும். ஒருவர் பிடியைத் தள்ள, நீங்கள் பம்புக்குப் பக்கத்தில் நின்று அந்த நெம்பு கடைசி மட்டும் போகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது அந்தப் பொலித்தீன். ரின்பால் பேணியில் ஒரு ஓட்டை போட்டால் பால் வடிவாக இறங்காது, எதிர்ப்பக்கம் இன்னொன்று போடுகிறோம் அல்லவா? டீசல் மூடியில் இருக்கும் சின்னத் துளை அந்த இரண்டாவது ஓட்டை. டீசல் குறையக் குறைய அதனால்தான் காற்று உள்ளே போகிறது. நீங்கள் மழைக்குப் பயந்து பொலித்தீன் சுற்றி அதை அடைத்துவிட்டீர்கள். பொலித்தீன் சுற்றாதவர்களுக்கும் செம்மண்ணும் கிறீஸும் சேர்ந்து அதே வேலையைச் செய்துவிடும். அடுத்த முறை மெசின் சோர்கிற நேரம் இறங்கிப்போய் மூடியைத் திறவுங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுபட்டு, எஞ்சினும் தேறி எழும்பினால் உங்கள் வியாதி அதுதான். மூடியை மண்ணெண்ணெயில் கழுவித் துளையை மெல்லிய கம்பியால் குத்தி எடுங்கள். மழைக்கு, மூடிக்கு மேலே ஒரு பழைய பேணியைக் கவிழ்த்து விடுங்கள், காற்றும் போகும், தண்ணீரும் இறங்காது.

மூடியைத் திறந்தும் மாற்றம் இல்லையா? சரி, இனிக் கானை எடுங்கள். 135 இல் தாங்கி எஞ்சினுக்கு மேலே இருக்கிறது. டீசல் தன் பாரத்தில் கீழே இறங்கி, தாங்கிக்கு அடியிலுள்ள, திறந்து பூட்டும் டப்பைத் தாண்டி, பீட் பம்புக்கு வருகிறது. பீட் பம்ப் என்பது எஞ்சின் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும், நீங்கள் கையால் அடிக்கும் அந்தச் சின்னப் பம்ப். அங்கிருந்து பில்டர், பிறகு பெரிய பம்ப், பிறகு சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நொசில். இந்தப் பாதையில் டீசல் எதுவரை வந்தது, எங்கே மறிபட்டது என்று மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வருவதுதான் முழு வேலையும். கராஜ்களில் பலர் கீழிருந்து மேலே போகிறார்கள். பெரிய பம்ப் கீழே இருக்கிறது, அதன் பில்லும் பெரிது.

பீட் பம்புக்குள் வரும் குழாயைக் கழற்றி, வாயை ஐந்து லீற்றர்க் கானுக்குள் விட்டு, டப்பை முழுதாகத் திறவுங்கள். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். டீசல் குபுகுபு என்று வரும், "ஓம், வருகிறது" என்று சொல்லிக் குழாயைப் பூட்டிவிடுவார்கள். பூட்டாதீர்கள். விட்டுக்கொண்டே இருங்கள். தாங்கிக்குள் மிதக்கும் துருச்செதிள், வைக்கோல், பொலித்தீன் துண்டு எதுவாக இருந்தாலும் ஓட்டத்தோடு மெல்ல மெல்ல இழுபட்டு வாயில் போய் ஒட்ட நேரம் எடுக்கும். ஒரு போத்தல் நிறையும் வரை விரல் மொத்தத்தில் வந்தது, கான் பாதியாகும்போது நூல் மாதிரி மெலிந்தால் பிடித்துவிட்டீர்கள். வேலையில் அரை மணித்தியாலம் எடுப்பதும், நிற்பாட்டினால் குப்பை விலகித் திரும்ப ஓடுவதும் இதனால்தான். உங்கள் கடிதத்தை வைத்துப் பந்தயம் கட்டச் சொன்னால் நான் இதிலும் மூடியிலும்தான் கட்டுவேன்.

அடைப்பு அங்கே என்று தெரிந்ததும் எல்லோரும் செய்வது, சைக்கிள் பம்பின் வாய்க்குத் துணி சுற்றி, குழாயில் வைத்து மேல்நோக்கி ஊதுவது. தாங்கிக்குள் குமிழி கேட்கும், டீசலும் பாயும், மெசினும் ஓடும். அடைப்பு எங்கே என்று உறுதிப்படுத்த அது நல்ல வழி, மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஊதுங்கள். ஆனால் குப்பை எங்கேயும் போகவில்லை, தாங்கிக்குள் திரும்பிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த கிழமை வந்து ஒட்டும். டீசலை முழுதாக இறக்கி, டப்பைக் கழற்றுங்கள். அதோடு சேர்ந்து தாங்கிக்குள் நிமிர்ந்து நிற்கும் வலைக்குழாய் வெளியே வரும். வலை கிழிந்து சுருண்டிருந்தால் அதுவே அடைக்கும். சிலிக்கன் பசை போட்டு டப்பை இறுக்கிய மெசின்களில் அந்தப் பசை டீசலில் ஊறி நார்நாராக உரிந்து வலையில் சுற்றிக் கிடக்கும். டீசல் போகும் இடத்தில் சிலிக்கன் பசை போடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். தாங்கியைக் கழற்றிச் சுத்தமான டீசல் விட்டு குலுக்கிக் கழுவுங்கள். துருவேறி ஓட்டை இருந்தால், டீசல்தானே, பெற்றோல் இல்லையே என்று ஒருவரும் வெல்டிங் பிளாண்டை அதற்குக் கிட்டக் கொண்டுபோகக்கூடாது. வெறுந்தாங்கிக்குள் நிற்கும் ஆவி வெடிக்கும்.

இன்னொன்று. ஒவ்வொரு முறையும் காற்று எடுக்கும்போது குமிழி வருகிறது, எனவே எங்கேயோ காற்று இழுக்கிறது என்று நட்டுகளை எல்லாம் இறுக்கி இறுக்கி மரையைக் கெடுத்துவிடுகிறார்கள். மேலே அடைபட்டால் பீட் பம்ப் வெறுமையை உறிஞ்சும். அப்போது, சாதாரணமாக ஒரு துளி டீசல்கூடக் கசியாத இணைப்பால் காற்று உள்ளே வரும். அடைப்பை எடுத்தால் குமிழியும் போய்விடும். சந்தேகம் என்றால் பீட் பம்புக்கு முன்னால் ஒரு முழம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ரியூப்பை மாட்டி ஓடவிட்டுப் பாருங்கள், குமிழி கண்ணுக்குத் தெரியும். பார்த்ததும் கழற்றிவிடுங்கள். அந்த ரியூப் டீசலில் சில கிழமைகளில் விறைத்து வெடிக்கும்.

கான் நிறையும் வரை ஓட்டம் மெலியவில்லை என்றால் தாங்கி சுத்தவாளி. அடுத்தது பீட் பம்ப். அதன் தலையில் ஒரு போல்ட், அதைக் கழற்றினால் கிண்ணி போன்ற மூடி வரும், அடியில் வட்டமான ஒரு வலை. இப்படி ஒரு வலை இருப்பதே பலருக்குத் தெரியாது. நான் திறந்த சிலவற்றில் அது களிமண் பூசின மாதிரி இருந்திருக்கிறது. மூடிக்கு அடியிலுள்ள கோர்க் விறைத்திருந்தால் மாற்றுங்கள். பிறகு வெளியே போகும் குழாயைக் கழற்றி, நிற்பாட்டும் பிடியை இழுத்து வைத்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு தரம் பலமாகப் பீச்ச வேண்டும். சோம்பலாக வழிந்தால் உள்ளேயுள்ள ரப்பர்த் தகடு அல்லது வால்வு போய்விட்டது.

பில்டர் புதிது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது, ஆனால் அதைப் பூட்டியவர் பழைய ரப்பர் வளையத்தை எடுத்தாரா? கூட்டின் தலையிலுள்ள பள்ளத்தில் பழைய வளையம் கறுப்பாக ஒட்டிக் கிடக்கும், பார்த்தால் இரும்பு மாதிரியே தெரியும். அதற்கு மேல் புதியதை வைத்து இறுக்கினால் இரண்டும் சரியாகப் பிடிக்காது. நடு போல்ட்டுக்கு ஒரு சின்ன வளையமும் பெட்டிக்குள் வரும். அது பெட்டியோடேயே குப்பைக்குப் போய்விடுவதுண்டு. குழாய் இணைப்புகளின் செப்பு வொஷரைத் திரும்பப் போடுவதென்றால் அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு எடுங்கள், மெதுவாகிவிடும்.

எல்லாம் பார்த்தும் மனம் ஆறவில்லை என்றால் கடைசியாக ஒன்று. ஒரு கானில் வடித்த நல்ல டீசலை விட்டு, மெசினில் உயரமான இடத்தில் கயிற்றால் வடிவாகக் கட்டி, எஞ்சின் சூட்டில் படாத ஒரு ரப்பர்க் குழாயால் நேரே பீட் பம்புக்கு விடுங்கள். மெசினின் தாங்கியும் டப்பும் இப்போது கணக்கில் இல்லை. அப்படியே குவியலில் போய் வேலை செய்யுங்கள். நிற்காமல் ஓடினால் குற்றம் மெசினின் தாங்கிப் பக்கத்தில். அதே மாதிரி நின்றால், குழாயை நேரே பில்டருக்கு மாற்றிவிட்டுப் பாருங்கள். இப்போது ஓடினால் குற்றம் பீட் பம்பில். புது பில்டர், கானிலிருந்து நல்ல டீசல், காற்றும் எடுத்தாயிற்று, பில்டரைத் தாண்டி டீசல் பலமாக வருகிறது, ஆனாலும் குவியலில் சோர்கிறது என்றால் மட்டும் பெரிய பம்பைக் கழற்றுங்கள். கழற்றினால் சோதனை மேசை உள்ள இடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும், வேப்பமரத்தடியில் திறக்கிற சாமான் அல்ல அது.

கேள்வி: வீட்டுக்காரர் வெளிநாட்டில். ட்ராக்டரை நானும் தம்பியும்தான் பார்த்துக்கொள்கிறோம். போன கிழமை வயலில் டீசல் முடிந்து நின்றது. நிரப்பியும் பிடிக்கவில்லை. காற்று எடுக்க ஆள் கூப்பிட்டால் ஒவ்வொரு முறையும் காசு. நாங்களே செய்யலாமா?
— வாசகி, சாவகச்சேரி

பதில்: செய்யலாம் தங்கச்சி. ஒருவர் கைப்பம்ப் அடிக்க, மற்றவர் ஸ்குரூ பிடிக்க வேண்டும், இரண்டு பேர் இருப்பது நல்லது. பழைய ஆங்கிலேய மெசின் என்றால் அங்குலச் சாவி வேண்டும். மில்லிமீற்றர்ச் சாவி போட்டால் அந்தச் சின்னத் தலைகள் உருண்டு போகும், பிறகு என் போன்றவர்களுக்குத்தான் வருமானம்.

முதலில் எல்லா இடத்தையும் பிரஷ் போட்டுக் கழுவுங்கள். பில்டர் தலையிலுள்ள காற்று ஸ்குரூவை இரண்டு சுற்றுத் தளர்த்திப் பீட் பம்பின் நெம்பை அடியுங்கள். அடிக்கும்போது கைக்குப் பாரமே தெரியாமல் லொடலொட என்று இருந்தால் பம்ப் பழுதில்லை. எஞ்சினின் உள்ளிருக்கும் முண்டு அந்த நேரம் பம்பைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஸ்டார்ட்டரை ஒரு தட்டுத் தட்டி எஞ்சினைக் கொஞ்சம் சுற்றிவிட்டு அடித்தால் பாரம் வரும். இது தெரியாமல் நல்ல பம்பை எறிந்தவர்கள் உண்டு. ஸ்குரூவால் நுரை வந்து, குமிழி வந்து, பிறகு தெளிவாக டீசல் வரும். அடித்துக்கொண்டே இறுக்குங்கள். இரண்டு பில்டர் இருந்தால் தாங்கிக்குக் கிட்ட இருப்பது முதலில்.

பிறகு பெரிய பம்ப். அதன் பக்கவாட்டில் ஒரு ஸ்குரூ, மேல் மூடியில் ஒன்று. கீழே உள்ளது முதல், மேலே உள்ளது பிறகு, ஒவ்வொன்றிலும் தெளிந்த டீசல் வரும் வரை. இனி நொசிலுக்குப் போகும் இரும்புக் குழாய்களில் இரண்டின் நட்டை நொசில் பக்கம் அரைச் சுற்றுத் தளர்த்தி, நிற்பாட்டும் பிடியை உள்ளே தள்ளி, வேகப் பிடியை முழுதாக வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். ஒரு தரத்தில் பத்துப் பதினைந்து செக்கனுக்கு மேல் வேண்டாம், இடையில் பற்றரிக்கும் ஸ்டார்ட்டருக்கும் ஓய்வு கொடுங்கள். நட்டுகளில் டீசல் துடித்துத் துடித்து வந்ததும் இறுக்குங்கள், பிடித்துவிடும்.

கையை, முகத்தை அந்த நட்டுகளுக்கு நேரே வைக்காதீர்கள். நொசில் பக்கத்து அழுத்தம் தோலைத் துளைத்து டீசலை உள்ளே ஏற்றும். வெளியில் ஊசி குத்தின அளவு காயம்தான் தெரியும், உள்ளே தசை அழுகும். அப்படிப் பட்டால் நோகவில்லை என்று வீட்டில் இருக்க வேண்டாம், அந்த நேரமே ஆஸ்பத்திரி.

கேள்வி: என் உழவு இயந்திரம் ஒயில் குடிப்பதை விட்டுவிட்டு ஒயில் விளைவிக்கத் தொடங்கியிருக்கிறது! கோல் போட்டுப் பார்த்தால் அளவு ஏறிக்கொண்டே போகிறது. இழுவையும் குறைவு. என்ன அதிசயம்?
— வாசகர், கரவெட்டி

பதில்: அதிசயத்தை உடனே நிற்பாட்டுங்கள். இதை வாசித்த பிறகு ஒரு தரம்கூட ஸ்டார்ட் செய்ய வேண்டாம். கோலிலுள்ள ஒயிலை விரலில் தேய்த்து மணந்து பாருங்கள். தண்ணீர் மாதிரி ஓடி டீசல் மணந்தால், பீட் பம்பின் ரப்பர்த் தகடு கிழிந்து டீசல் எஞ்சினுக்குள் இறங்குகிறது. இழுவை குறைந்ததும் அதனாலேயே, மேலே போக வேண்டிய டீசல் கீழே போகிறது. மெலிந்த ஒயிலில் பெயரிங் கெதியாகத் தேயும். அளவு மிக ஏறினால் எஞ்சின் தன் ஒயிலையே எரித்துக்கொண்டு, நிற்பாட்டும் பிடிக்கும் அடங்காமல் ஓடித் தன்னை உடைத்துக்கொள்ளும். பீட் பம்பை மாற்றி, ஒயிலையும் ஒயில் பில்டரையும் மாற்றுங்கள். மாற்றியும் ஏறினால் பெரிய பம்பின் தண்டுச் சீலைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: 2022 தட்டுப்பாட்டில் வரிசையில் நின்று சேர்த்த டீசல் ஒரு பரல் இன்னும் இருக்கிறது. ஊற்றலாமா? எறிய மனம் வரவில்லை.
— வாசகர், வேலணை

பதில்: அந்த வருடம் கியூ.ஆர். அட்டையோடு பங்கு எண்ணெய்க்கு நின்ற கால்வலி எனக்கும் இன்னும் மறக்கவில்லை, எறியச் சொல்லமாட்டேன். ஆனால் பரலை ஆட்டிக் கலக்கி ஊற்றாதீர்கள். பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறிப் பட, பரலின் காலி இடத்திலுள்ள ஈரம் வியர்த்து அடியில் தண்ணீராக நிற்கும். தீவுப்பக்கக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து கறுப்புச் சளி மாதிரித் திரளும். புது பில்டர் போட்டுப் போட்டு அடைபடுகிற மெசின்களில் பல இந்தச் சளியால்தான் அடைபடுகின்றன.

பரலை ஆட்டாமல் இரண்டு நாள் விடுங்கள். மேலே இருந்து கையளவு ஆழத்தில் குழாயை வைத்து ஒரு கண்ணாடிப் போத்தலுக்கு எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக, நல்ல மணத்தோடு இருந்தால் மேல் முக்கால் பங்கை மட்டும் தடித்த துணியில் வடித்து, புது டீசலோடு பாதிக்குப் பாதி கலந்து ஓட்டலாம். கலங்கலாக, புளித்த மணமாக இருந்தால் மெசினுக்கு வேண்டாம். அடியில் நிற்பதை எந்த நிலையிலும் ஊற்ற வேண்டாம். நாகம் பூசிய தகரப் பரல் என்றால் இன்னும் மோசம், நாகம் டீசலோடு சேர்ந்து பசை போல் படிந்து நொசிலைக் கெடுக்கும்.

கேள்வி: எங்கள் அப்பா அந்தக் காலத்தில் மண்ணெண்ணெயில் எல்லாம் ஓட்டினார் என்பார். டீசலோடு மண்ணெண்ணெய் கலந்தால் என்ன?
— வாசகர், அச்சுவேலி

பதில்: அப்பா சொல்வது உண்மை. 1990 இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு யாழ் குடாநாட்டில் கையில் கிடைத்த எண்ணெய்தான் எரிபொருள். மோட்டார் சைக்கிள்கள் ஒரு சொட்டுப் பெற்றோலில் பிடித்து மண்ணெண்ணெயில் ஓடின. வேறு வழியில்லாமல் செய்தது அது. இப்போது வழி இருக்கிறதே. டீ.பி.ஏ. பம்புக்குத் தனியாக ஒயில் கிடையாது, அதற்குள் ஓடும் டீசலே அதற்கு வழுக்கலும் கொடுக்கிறது. மண்ணெண்ணெய் மெலிந்தது, வழுக்கல் குறைவு. முதல் கேள்வியில் சொன்ன அந்தத் தண்டு தேய்ந்து, சூட்டில் பிடிக்காத மெசினாக மாறும். மிச்சம் பிடித்த காசு கொழும்புக்குப் போகும்.

கேள்வி: டீசல் சுத்தமாகப் போகட்டும் என்று பீட் பம்புக்கு முன்னால் மோட்டார் சைக்கிள் பெற்றோல் பில்டர் ஒன்று பூட்டியிருக்கிறேன். சரிதானே?
— வாசகர், ஊர்காவற்துறை

பதில்: இல்லை. அது ஒரு மோட்டார் சைக்கிள் குடிக்கும் அளவுக்குச் செய்தது. நீங்களே கையால் ஒரு அடைப்பைச் செய்து பூட்டியிருக்கிறீர்கள். கழற்றிவிட்டு டப்பிலுள்ள வலையையும் பீட் பம்பின் வலையையும் சுத்தமாக வைத்திருங்கள். பெரிய பில்டரை ஒரு போகத்துக்கு ஒருக்கால் மாற்றுங்கள், அதன் அடியிலுள்ள தண்ணீரைக் கிழமைக்கு ஒருக்கால் இறக்குங்கள்.

கேள்வி: லாண்ட் மாஸ்டருக்கும் இதே வழிதானா?
— வாசகர், கொடிகாமம்

பதில்: அதைவிடச் சுகம். இரண்டு சக்கர உழவு மெசின்தானே. ஒற்றைச் சிலிண்டர், தாங்கி மேலே, பெரும்பாலானவற்றில் பீட் பம்பே இல்லை. மூடித் துளை, டப், பில்டர், பிறகு பம்ப். பம்புக்கு வரும் குழாயைக் கழற்றிப் போத்தலில் விட்டுப் பாருங்கள், போத்தல் நிறையும் வரை விட வேண்டும் என்பது இதற்கும் பொருந்தும். மெலிந்தால் பில்டரைக் கழற்றிவிட்டுத் திரும்ப ஒரு போத்தல். அப்போது நன்றாக வந்தால் பில்டரை மாற்றுங்கள், வராவிட்டால் தாங்கியைக் கழுவுங்கள்.